எடைக்கு வந்த இன்ஜீல்



ஜெயங்கொண்டத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் இஸ்லாமியச் சகோதரர் ஒருவர், ஒருநாள் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். துணியில் சுற்றிய திருவிவிலியம் ஒன்றை நீட்டினார். "எடைக்கு வந்த மூட்டையில இருந்துச்சு, ஃபாதர். இதுல இன்ஜீல் இருக்கு. கிழிச்சுப் பொட்டலம் மடிக்க மனசு வரல" என்றார்.

இறைவன் அருளிய வேதங்களை நம்புவது இஸ்லாமியரின் ஈமானில் ஓர் அங்கம். மூசா நபிக்குத் தவ்ராத், தாவூத் நபிக்கு ஸபூர், ஈசா நபிக்கு இன்ஜீல், நிறைவாக முகம்மது நபிக்குக் குர்ஆன் என்பர். இப்ராகீம் நபிக்கு அருளப்பட்ட ஏடுகளையும் சொல்வர். இவர்களில் ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு ஆகியோரை நாமும் அறிவோம்.

வேறுபாடும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். முந்திய வேதங்கள் மாற்றமடைந்தன, குர்ஆனே இறுதி வேதம் என்பது அவர்கள் நம்பிக்கை. நமக்கோ நற்செய்தி என்பது இயேசுவின் கையில் இறங்கிய நூல் அல்ல. மனுவுருவான வாக்காகிய இயேசுவே நற்செய்தி. ஆயினும் இஸ்லாமியரை மதிப்போடு நோக்கவும், பழைய பகைமையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மை அழைத்தது.

அந்த விவிலியத்தின் முதல் பக்கத்தில் திருமண வாழ்த்து எழுதியிருந்தது. நம் வீடுகளில் ஒன்றிலிருந்துதான் அது எடைக்குப் போயிருக்கிறது. நாம் தலைகுனிந்தோம்.

இன்றிரவு நம் வீட்டு விவிலியத்தைத் தேடி எடுப்போம். தூசி தட்டி வைத்துவிடாமல், குடும்பமாக அமர்ந்து ஓர் அதிகாரமாவது வாசிப்போம். ஆமென்.