மார்கழிக் குளிரில் பூக்கும் ஹேசல்நட்

சாக்லேட்டைக் கடிக்கும்போது நடுவில் நறுக்கென்று அகப்படுமே ஒரு கொட்டை, ஹேசல்நட், இன்று அதன் செடியைப் பற்றிப் பேசலாம். உலக விளைச்சலில் பாதிக்கு மேல் துருக்கியில் விளைகிறது. அங்கே கருங்கடலோரம் ஓர்டு, கிரேசுன் பக்கத்து மலைச்சரிவுகளில் இந்தப் புதரைத்தான் பார்க்கலாம். டிராக்டர் ஏற முடியாத சரிவுகள். அதனால் ஆகஸ்ட் மாதத்தில் குடும்பம் குடும்பமாக இறங்கிக் கையால் பறிக்கிறார்கள். 2014 மார்ச் கடைசியில் அங்கே உறைபனி விழுந்து மகசூல் சரிந்தபோது, உலகச் சந்தையில் கொட்டை விலை எகிறிவிட்டது.

இந்தச் செடியின் விசித்திரம் அதன் பூ. மற்ற செடிகள் ஒடுங்கிக் கிடக்கும் கடுங்குளிரில், இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில் இது பூக்கிறது. ஆண் பூங்கொத்து சடைக் குஞ்சம் போல மஞ்சளாகத் தொங்கும். பெண் பூவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: மொட்டின் நுனியில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு இழைகள், அவ்வளவுதான். தேனீக்கு வேலையில்லை, மகரந்தத்தைக் காற்றே சுமந்து போகிறது. இலை இல்லாததால் தடையும் இல்லை. ஆனால் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் உடனே கரு உருவாவதில்லை. அதற்கு இன்னும் நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் ஓடு வளரத் தொடங்கிவிடும். கரு நிலைக்காவிட்டால் கொட்டை பார்க்க முழுசாக இருக்கும், உடைத்தால் பொக்கு!

இன்னொன்று, தன் மகரந்தத்தை இந்தச் செடி ஏற்காது. பொருந்திவரும் வேறு ரகம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், காய்க்காக ஒற்றைச் செடி வாங்குவது வீண் செலவு.

பராமரிப்பில் பெரிய வேலை, அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை அகற்றுவதுதான். விட்டால் நாலே வருடத்தில் புதர் அடர்ந்து, உள்ளே வெயில் புகாது, காய் குறையும். முதிர்ந்த தண்டு ஒன்றிரண்டைக் குளிர்காலத்தில் அடியோடு வெட்டிப் புதுத் தண்டுக்கு இடம் விட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் ஆழமாகப் போகாததால் முதல் சில கோடைகளில் பாய்ச்சல் அவசியம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். நட்டு மூன்று நான்கு வருடத்தில் காய் பார்க்கலாம். நன்றாக முற்றிய கொட்டை தானாக உதிரும். பொறுக்கி, மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும்.

நம்மூர்ச் சமவெளியில் வளர்க்கலாமா என்று ஆசைப்பட வேண்டாம். ஏழு டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் இல்லாமல் இது ஒழுங்காகக் காய்க்காது. லண்டனிலோ டொரோண்டோவிலோ தோட்டம் வைத்திருக்கும் நேயர்கள் தாராளமாக முயலலாம். வட அமெரிக்காவில் இதைத் தாக்கும் பூஞ்சைக் கருகல் நோய் உண்டு. ஆகவே அங்கிருப்பவர்கள் நோய் தாங்கும் ரகமாக, ஒன்றுக்கொன்று பொருந்துகிற இரண்டைக் கேட்டு வாங்குங்கள்.