கை மாறிய பாவைகள்



நாடகத்தில் ஒரு நடிகர் மறைந்தால் அவர் ஏற்ற வேடத்தில் இன்னொருவர் தோன்றுவார். முகம் மாறிவிடுவதால், காண்பவர் மனமும் மாற்றத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. பாவையின் நிலை வேறு. ஆட்டிய கை ஓய்ந்த பின்னும் பாவையின் முகம் அப்படியே இருக்கிறது. அதே கண்கள், அதே நிறம். உள்ளிருந்து வரும் குரல் மட்டும் புதிது. அந்தப் பாவையோடு வளர்ந்தவர்களுக்கு இது ஆறுதலா, ஏமாற்றமா? அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாவைகளின் வரலாறு இவ்வினாவை ஆராயத் தக்க களமாகும்.

1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் வில் லீ. அவர் 1982 டிசம்பரில் காலமானார். அவ்வேடத்துக்கு வேறு நடிகர் அமர்த்தப்படவில்லை. 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், ஹூப்பர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் ‘பிக் பேர்ட்’ என்னும் மஞ்சள் பறவைக்கு எடுத்துரைத்தனர். மனிதப் பாத்திரம் மனிதரோடு மறைந்தது. பாவைகளுக்கு அந்த வழி பின்பற்றப்படவில்லை.

கெர்மிட் என்னும் தவளைப் பாவையை ஜிம் ஹென்சன் 1955-இல் உருவாக்கினார். தாயாரின் பழைய பச்சை மேலங்கி அதன் உடலாயிற்று. இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்து அதன் கண்களாயிற்று. முகத்தினுள் விசை எதுவும் இல்லை. ஆட்டுபவரின் விரல்கள் துணிக்குள் மடங்கினால் தவளை முகம் சுளிக்கும். விரல்கள் விரிந்தால் முகம் மலரும். அத்தவளையின் முகபாவம் யாவும் ஒரு மனிதரின் உள்ளங்கையிலும் விரல் முட்டிகளிலும் பிறப்பவை. எனவே, கை மாறும்போது குரலோடு பார்வையும் தயக்கமும் நாணமும்கூட நுட்பமாக மாறுகின்றன. “ஏதோ வேறாக இருக்கிறது” என்று முறையிடும் இரசிகர் வீண்பிடிவாதக்காரர் அல்லர். அவர் கண் கூர்மையானது.

1990 மே 16 அன்று, நோய்த்தொற்றால், 53-ஆம் வயதில் ஹென்சன் மறைந்தார். நியூயார்க் பேராலயத்தில் நிகழ்ந்த நினைவுக் கூட்டத்துக்கு யாரும் கறுப்புடை அணிந்து வரலாகாது என்பது அவர் விருப்பம். பிக் பேர்ட்டை ஆட்டிவந்த கேரல் ஸ்பின்னி, அப்பறவையின் உருவிலேயே வந்து, கெர்மிட் பாடிப் புகழ்பெற்ற பாட்டைப் பாடினார். அப்பாட்டுக்குரிய குரல் ஓய்ந்திருந்தது.

1978 முதல் ஹென்சனோடு பணியாற்றிய ஸ்டீவ் விட்மயரிடம் கெர்மிட் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அஞ்சலி நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதில் மற்றப் பாவைகள், ஹென்சன் யார் என்று தேடுகின்றன. அன்பர்கள் எழுதிய மடல்களைப் படிக்கும்போது அவர் இறந்த செய்தியை அறிகின்றன. முடிவில்தான் கெர்மிட் வருகிறது. பார்ப்பவர்கள் முதலில் துயரப்பட இடம் தரப்பட்டது. புதிய குரல் பின்னர் வந்தது. இந்த முறைவைப்பில் ஓர் அறம் இருக்கிறது.

ஹென்சன் ஆட்டிய மற்றொரு பாவை, பியானோ வாசிக்கும் ‘ரால்ஃப்’ என்னும் நாய். 1992-இல் வெளிவந்த திரைப்படத்தில் கெர்மிட் விட்மயரின் குரலில் பேசிற்று; ரால்ஃபோ பியானோ வாசித்ததேயன்றிப் பேசவில்லை. பின்னரே பில் பரெட்டா அதற்குக் குரல் தந்தார். மௌனத்தையும் அஞ்சலியாக்கலாம் என்பதற்கு அந்த நாய் சான்று.

விட்மயரின் குரல் மெலிந்தது என்று குறைகூறியவர்கள் இருந்தனர். ஆண்டுகள் சென்றன. 2017 ஜூலையில், விட்மயர் இனிக் கெர்மிட்டை ஆட்டமாட்டார், மாட் வோகல் ஆட்டுவார் என்னும் செய்தி வெளியாயிற்று. அப்போது எழுந்த எதிர்ப்பில் வியக்கத்தக்க ஒன்றைக் காணலாம். கால் நூற்றாண்டுக்கு முன் ‘மாற்றுக் குரல்’ எனப்பட்டதே இப்போது ‘உண்மைக் குரல்’ என்று போற்றப்பட்டது. 1990-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு விட்மயரின் குரலே முதற்குரல். நாம் ‘மூலம்’ என்று போற்றுவது பெரும்பாலும் நம் செவி முதலில் கேட்டதைத்தான். இதனை உணர்ந்தால் புதியவரிடம் சிறிது பொறுமை பிறக்கும்.

கை மாறுவதற்கு இறப்போ பிரிவோதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. ஸ்பின்னி 1969 முதல் பிக் பேர்ட்டை ஆட்டினார். எட்டடிக்கும் மேல் உயரமான அவ்வுருவுக்குள் நின்று, வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் பறவையின் தலையை இயக்க வேண்டும். மார்பில் கட்டிய சிறு தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தே வெளியுலகை அறிய வேண்டும். உடல் தளர்ந்தபோது, 2015-இல், அசைவை மாட் வோகலிடம் விட்டுவிட்டுக் குரலை மட்டும் தாம் தந்தார். 2018-இல் குரலையும் அவரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 2019 டிசம்பரில் மறைந்தார். வோகல் பல்லாண்டுகள் அவருக்கு மாற்றாளாக இருந்து பழகியவர். இங்கே ஆசான் உயிரோடிருக்கும்போதே பாவை சிறிது சிறிதாகக் கை மாறிற்று. காண்போரின் செவியும் சிறிது சிறிதாகவே பழகிற்று.

புதியவர் முந்தையவரை அச்செடுத்தாற்போல் நடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழைய ஒலியை மட்டும் காப்பவர், பழைய நகைச்சுவையையே திரும்பச் சொல்ல முடியும். நேற்று நிகழாத ஒன்றுக்கு அத்தவளை எவ்வாறு பதில் சொல்லும் என்பதை அவர் அறியார். பாத்திரத்தின் இயல்பை உள்வாங்கியவரே அதனைப் புதிய சூழலில் பேசவைக்க வல்லவர். ஆனால் அந்த இயல்பை அறியும் முன் புதுமை செய்யத் துணிபவர் பாவையின் துணியை மட்டுமே ஏந்தி நிற்பார். குரலுக்குச் சில ஆண்டு விலக்குத் தரலாம். இயல்பு பிறழ்ந்தால் கண்டிக்க இரசிகருக்கு உரிமை உண்டு.

கவிதையை அறிந்த இந்த அவைக்கு இது அயலான செய்தி அன்று. ஒரு கவிஞர் தம் வாயால் படிக்கக் கேட்ட கவிதையை வேறொருவர் படிக்கும்போது செவி உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தல் மறைந்தவருக்குச் செலுத்தும் கடன். அதன் பொருட்டு அக்கவிதையை எவரும் படிக்கலாகாது என்று தடுப்பவர், அதனை இன்னும் கேளாத குழந்தைக்குக் கடன்பட்டவர் ஆகிறார். இரண்டு கடன்களையும் நினைவிற்கொண்டு கேட்பதே நல்ல இரசிகரின் இலக்கணம்.