உறுதிக்குள் கிடக்கிற ஊர்



கனடாவின் ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு ஆட்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால், "நீங்கள் எத்தினையாம் வட்டாரம்?" என்ற கேள்வி முதலில் வரும். பிறகு மடத்துவெளியோ, வல்லனோ, இறுப்பிட்டியோ என்று கதை போகும். இந்தப் பெயர்களுக்கு ஆபத்தில்லை, வரைபடத்தில் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது அவற்றுக்கும் உள்ளே கிடக்கிற பெயர்களைப் பற்றி.

வெளியாரும் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் ஆங்கிலத்தில் இன்றும் நிற்கிறது. புங்குடுதீவுக்கு வைத்தது மிடில்பேர்க். அப்படிக் கூப்பிட்டால் எங்கட ஆட்கள் திரும்பியும் பார்க்கமாட்டினம்.

எங்கட ஆட்கள் வைத்த பெயர்கள் காணி உறுதியில் இருக்கின்றன. பழைய உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கோ. முதலில் கோவிற்பற்று வரும். அது போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயப் பிரிவு. பரம்பரைச் சைவக்காரரின் உறுதியிலும் அதுதான்! அடுத்து, 'இன்ன பெயருடைய காணி' என்று இருக்கும். பிறகு பரப்பு, குழி, நாலு பக்கத்து எல்லை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர்.

1990, 91 போர் இடப்பெயர்வுக்குப் பிறகு வெறுமையான வளவுகள் பல, இன்று பற்றைக்காடு. கூப்பிட ஆளில்லாத பெயர் உறுதியோடு பெட்டிக்குள் கிடக்கிறது. உறுதியிலும் ஏறாத துரவு, ஒழுங்கை, மரத்தடிப் பெயர்கள் வயதானவர்களின் வாயில் மட்டும்தான். பேராசிரியர் இ. பாலசுந்தரம் ஈழத்து இடப்பெயர்களை ஆராய்ந்து நூல் எழுதினார். ஆனால் ஓர் ஆய்வாளர் எத்தனை வளவுக்குள் போய்வர முடியும்?

அந்தப் பெயர்களைச் சேர்க்கிற வேலை பேரப்பிள்ளைகளுடையது. "அம்மம்மா, இடப்பெயர் சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒன்றும் வராது. தீவுக்குள் வரும் வாணர் தாம்போதி தாண்டி பஸ்ஸில் வந்து, மடத்துவெளியில் இறங்கி, வீட்டுக்கு மனசுக்குள் நடக்கச் சொல்லுங்கோ. வலக்கைப் பக்கம் யாற்ற வளவு? எந்தத் துரவில் தண்ணி அள்ளினவை? போனில் குரலைப் பதியுங்கோ. அவ சொல்கிற மாதிரியே எழுதுங்கோ, செந்தமிழாக்கித் திருத்தாதேங்கோ. ஒரு தாளில் பாதையையும் கீறி வையுங்கோ.

அந்தப் பெயர் அப்படியில்லை என்று பெரியப்பா குறுக்கே வருவார். அவர் சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கோ. பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற ஊராட்களுக்கும் போன் எடுத்துக் கேளுங்கோ. தகராறு இன்னும் கூடும். போனை நிற்பாட்டாமல் அதையும் பதியுங்கோ.