என் வலது முழங்கால்



இஞ்சினியர் ஆச்சே, பாலம், கட்டடம் என்று பேசுவான் என நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது என் வலது முழங்காலைப் பற்றி.

2008 பிப்ரவரி. நம் கபடி அணியில் நான் ரெய்டர். ஒரு ரெய்டில் கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். ஏ.சி.எல். என்கிற தசைநார் அறுந்துபோயிற்று. தொடையின் பின்பக்கத்திலிருந்து நாண் எடுத்து அங்கே பொருத்தினார்கள். ஒன்பது மாதமாவது ஆடக் கூடாது என்றார் டாக்டர்.

வலியைத் தாங்கலாங்க. சாயங்காலம் ஹாஸ்டலே காலியாகி, மைதானத்துச் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வரும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. காலை நீட்டி மடக்கும் பயிற்சியைக்கூடச் செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன்.

மே 10 அன்று டி.வி. அறையில் ஒரே கூச்சல். முதுகில் எலும்பு முறிவால் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருந்த நம் லட்சுமிபதி பாலாஜி, சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ஐ.பி.எல். வரலாற்றில் முதல் ஹாட்ரிக் அதுதான். எனக்கும் ரத்தம் கொதித்தது. அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் ராஜகிரி ஏறினேன். ஏறக்குறைய 800 அடி. (2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே கோட்டைதான், அன்று எங்களுக்கு அது ஓடிப் பழகும் படிக்கட்டு.)

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் முழங்காலில் சுமை அதிகம். மறுநாள் முட்டி பூசணிக்காய். நாண் தப்பித்தது என் அதிர்ஷ்டம். புதிதாக வைத்த நாண் ஆரம்ப மாதங்களில் முதலில் பலம் குறைந்து, ரத்த ஓட்டம் பிடித்த பிறகுதான் மெல்ல வலுவாகும். வலி போவது ஒரு கணக்கு, நாண் தேறுவது வேறு கணக்கு. பாலாஜியின் ஹாட்ரிக்கைப் பார்த்தவன், அதற்கு முன்னால் அவர் பந்துவீசும் பாணியையே மாற்றிக்கொண்டு உழைத்த காலத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

பி.டி. சார் திட்டவில்லை. ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தார். "நாளையிலேர்ந்து நீதான் எழுதணும். அஞ்சரைக்கு கிரவுண்டுல இருக்கணும்." அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் கணக்கு: முட்டி எவ்வளவு மடங்குது, ஒத்தைக் காலில் எத்தனை நொடி, தையல் டேப்பில் இரண்டு தொடையின் சுற்றளவு. ஒரு சென்டிமீட்டர் கூடிய அன்றைக்கு டீமே கைதட்டியது. சிரிக்காதீர்கள், எந்தக் கோப்பைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இறுதியாண்டில் மூன்று ஆட்டம் ஆடினேன். பழைய வேகம் வரவில்லை.

நம் சங்கம் பதக்கம் வாங்கியவர்களுக்குப் பரிசு தருகிறது. நல்லது. கட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு பிசியோதெரபி செலவும், பஸ் காசும் தர ஒரு நிதி ஒதுக்குங்கள். முதல் தொகை என்னுடையது. பி.டி. துறைக்கும் ஒரு விண்ணப்பம்: அடிபட்டவன் பெயரை அணிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

மாலையில் பழைய மாணவர்கள் கபடி இருக்கிறதாம். என்னை ஆடக் கூப்பிடாதீர்கள். ஸ்கோர் எழுத வருகிறேன்.