பூக்களை அளப்போம், கணினியைக் கேட்போம்



உயிரியல் பயில்வோருள் பலருக்குக் கணிதம் என்றாலே சற்றுத் தயக்கம். அதனுடன் கணினி நிரலும் சேர்ந்துவிட்டால் தயக்கம் அச்சமாகிவிடுகிறது. ஆயினும், அளந்தெடுத்த விவரங்களை ஆராய இன்று நிரல் தேவைப்படுகிறது. அதற்குப் பெரிதும் பயன்படும் மொழி ‘ஆர்’. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தடித்த நூலை முதற்பக்கத்திலிருந்து மனனம் செய்யும் முறையை நாம் விரும்புவதில்லை. சிறியதோர் அட்டவணையும் ஒரு கேள்வியும் இருந்தால் போதும். ஆர் மொழியுடனேயே ‘ஐரிஸ்’ என்னும் அட்டவணை வருகிறது. எட்கர் ஆண்டர்சன் திரட்டிய அளவுகள் அவை. ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் அவற்றைக் கையாண்டார். மூன்று சிற்றினங்கள், ஒவ்வொன்றிலும் 50 பூக்கள், ஆக 150. புல்லியிதழ், அல்லியிதழ் ஆகியவற்றின் நீள அகலங்கள் சென்டிமீட்டரில் தரப்பட்டுள்ளன.

புல்லியிதழ் நீண்டால் அகலமும் கூடுமா என்று கேட்போம். இதற்கு ஒட்டுறவுக் கெழு என்னும் எண் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால் அது ஒன்றை நோக்கிப் போகும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் சுழிக்குக் கீழே போகும். ஒரே வரிக் கட்டளைதான். சிவப்பெழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறியோ காற்புள்ளியோ விடுபட்டிருக்கும்.

150 பூக்களுக்கும் சேர்த்து வரும் விடை, ஏறத்தாழ மைனஸ் 0.12. நீளம் கூடினால் அகலம் சற்றுக் குறைகிறதாம்! இதை அப்படியே முடிவென்று எழுதிவிடலாமா? சிற்றினம் சிற்றினமாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். செட்டோசாவுக்கு 0.74, வெர்சிகலருக்கு 0.53, வர்ஜினிகாவுக்கு 0.46. மூன்றிலும் நீளமும் அகலமும் சேர்ந்தே கூடுகின்றன! செட்டோசாவின் புல்லியிதழ் குட்டையானது, ஆனால் அகன்றது. மற்ற இரண்டும் நீண்டு ஒடுங்கியவை. மூன்றையும் ஒரே குவியலாகக் கொட்டியதால் உறவு தலைகீழாயிற்று. கணினி தவறு செய்யவில்லை. கேட்டதற்கு விடை சொன்னது, அவ்வளவே.

ஆகவே எண்ணைக் கேட்குமுன் படம் வரையச் சொல்லுங்கள். சிற்றினத்துக்கொரு நிறம் கொடுத்தால், செட்டோசாவின் புள்ளிகள் தனிக் கூட்டமாக ஒதுங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, நம் தோட்டத்து ரப்பர் இலைகளையே அளந்து பார்க்கலாம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடுச் சிற்றிலையை மட்டும் அளவுகோலால் அளந்தால் போதும். எந்த மரத்து இலை, இளமரமா முதுமரமா என்பதை அட்டவணையில் தனிப் பத்தியாக அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இலையைக் கீழே போட்ட பிறகு அதைக் கண்டுபிடிக்க எந்தக் கட்டளையும் இல்லை.