கிரேக்கம் படித்தவர்களும் கோழிப்பண்ணைக்காரரும்



கொலைக்கதையைக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லைங்க. 1500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமார் நம்ம ஊர்க்காரர். காந்திபுரத்தில் அவர் நாவல் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஈரோடு வருவதற்குள் அவர் கதைகளின் துப்பறிவாளர் விவேக் ஆளைப் பிடித்துவிடுவார்.

அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட் 1992இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' நாவல் இந்தக் கணக்குக்கே வராது. செத்தது யார், கொன்றது யார் என்று தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறது. ஏன் கொன்றார்கள் என்பதற்குத்தான் ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அதனால் கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று என் மேல் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

பழைய கட்டடம், பனி, வழக்கொழிந்த மொழி, கோட்டுப் போட்ட பணக்காரப் பிள்ளைகள், நடுவில் ஒரு பிணம். இந்த வகைக் கதைகளை இப்போது 'டார்க் அகாடமியா' என்கிறார்கள். கொரோனா முடக்கத்தில் கல்லூரிக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த பிள்ளைகளிடம் இந்த மோகம் வேகமாகப் பரவியது. அதற்கு மூலநூல் மாதிரி இந்த நாவல்.

வெர்மாண்ட் மாநிலத்தில் ஹாம்ப்டன் என்றொரு கற்பனைக் கல்லூரி. டார்ட் படித்த பென்னிங்டனின் சாயல் அதில் உண்டு. ஜூலியன் என்ற ஆசிரியர், பொறுக்கி எடுத்த ஐந்து பேருக்கு மட்டும் கிரேக்கம் சொல்லித்தருகிறார். ஆறாவதாக வந்து சேர்கிறான் ரிச்சர்ட். கதை சொல்பவன் அவன்தான். கலிபோர்னியாவில் அவன் அப்பா பெட்ரோல் பங்க் நடத்துகிறவர். அதை மறைத்து, வசதியான வீட்டுப் பிள்ளை என்று கதை கட்டுகிறான். குளிர்கால விடுமுறையில் போக்கிடம் இல்லாமல், கூரையில் ஓட்டை விழுந்த அறையில் விறைத்துக் கிடந்து, சாகிற நிலைமைக்கே போகிறான். அப்போதும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எனக்கு நாவலில் மிகப் பிடித்த பகுதி இது. அப்பா தறிக்குடோனில் கூலிக்கு ஓட்டுகிறார் என்பதை மறைத்து, 'டெக்ஸ்டைல் பிசினஸ்' என்று ஹாஸ்டலில் சொல்லித் திரிந்த பையன்களை நம் கல்லூரிகள் பார்க்காததா?

மனசு ஒட்டாமல் போனது இன்னொரு இடத்தில். பழங்காலக் கிரேக்கர்கள் போல வெறியாட்டு நடத்துகிறோம் என்று நான்கு பேர் ராத்திரியில் காட்டுக்குள் போகிறார்கள். போதை தெளிந்து பார்த்தால் உள்ளூர் விவசாயி ஒருவர் செத்துக் கிடக்கிறார். கோழிப்பண்ணை வைத்திருந்தவர். இந்த விஷயம் தெரிந்த நண்பன் பன்னியின் வாயை அடைக்கத்தான் அடுத்த கொலை. பன்னிக்குச் சாவு வீடு, சடங்கு, அழுகை என்று பக்கம் பக்கமாக நீள்கிறது. பண்ணைக்காரருக்கு என்ன கிடைத்தது? ஒரு செய்தித்தாள் துணுக்கு. அவர் சாவில் அந்தப் பிள்ளைகளுக்கு வந்த பயமெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்பதுதான்.

கோழிப்பண்ணைகள் நிறைந்த பல்லடத்திலோ நாமக்கல்லிலோ இருந்து படிக்கிற ஒருவர் இதைச் சும்மா தாண்டிப் போக முடியுமா? குஞ்சும் தீவனமும் கம்பெனி இறக்கும், வளர்ப்புக்கூலி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும், ராத்திரி நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழ வேண்டும். அந்த மனிதரை நமக்குத் தெரியும்.

படித்தவர்களின் திமிரை டார்ட் குத்திக்காட்டுகிறார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாவலைப் படித்த இளசுகள் கோட்டையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு குத்தலைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தக் கிரேக்க வகுப்பை அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார், நானே அங்கே ஒரு நாற்காலி கிடைக்காதா என்று ஏங்கினேன். கொலைகாரர்கள் தப்ப வேண்டுமே என்றுகூடத் தவித்தேன். எரிச்சலும் அதனால்தான். பிற்பாதி இழுவை, குடி, மாத்திரை, மறுபடி குடி.

நம் ஊரிலும் ஹாம்ப்டன் மாதிரி ஒரு பழைய கல்லூரி உண்டு, லாலி ரோட்டில் இருக்கும் வேளாண் கல்லூரி. 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்தது. அங்கே பாடமே மண்ணும் பயிரும்தான். படிக்க வருகிறவர்களில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

செத்துப்போன பண்ணைக்காரரின் மகள் அந்தக் கிரேக்க வகுப்பில் சேர்ந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? டார்ட் அதை எழுதவில்லை. நம் பக்கத்தில் யாராவது எழுதினால், முதல் பிரதிக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.