படம் உரியவரைச் சேரும் வழி

நிழற்படம் பிடிப்பது ஒரு கலை. பிடித்த படத்தைப் பழுதின்றி உரியவர் கையிற் சேர்ப்பது ஒரு கடமை. கலையைப் பற்றிப் பேசுவோர் பலர். கடமையைப் பற்றிச் சில சொல்ல நான் விழைகின்றேன். பாடசாலை அதிபருக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். அக்கறை உண்டு.

அட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு நிழற்படம் வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குப் பங்கிடப்பட்ட சமூகம் நம்முடையது. கடவுச்சீட்டுக்கெனப் படம் பிடித்துக்கொண்டு தலைமன்னாரிற் கப்பலேறியோர் எத்தனையோ பேர். என் பாட்டியார் தம் தம்பியின் முகத்தை அதன் பின்னர்க் கண்டது, லயன் அறைச் சுவரில் மாட்டிய படத்தில் மட்டுமே.

அந்நாளில் ஸ்டூடியோக்காரர் படத்தை அச்சிட்டு உறையில் இட்டுக் கொடுப்பார். நெகட்டிவ் அவரிடம் இருக்கும். பின்னொரு நாள் கேட்டாலும் மறுபிரதி எடுக்கலாம். இன்றோ படம் கணினிக் கோப்பாகிவிட்டது. அதை ஒப்படைக்கும் வழிகளும் பலவாகிவிட்டன.

எளிதான வழி வாட்ஸ்அப். ஆனால் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடுகின்றது. கைத்தொலைபேசியில் பார்க்க அது போதும். சுவரில் மாட்டப் போதாது. 12க்கு 18 அங்குலப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட, 3600க்கு 5400 புள்ளிகள் வேண்டும். அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது சுருங்குவதில்லை. இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் எத்தனை திருமணப் படங்கள் மங்கிப் போகின்றன!

அடுத்தது பென் டிரைவ். இணைய வசதி குன்றிய மலைத் தோட்டங்களுக்கு இதுவே ஏற்றது. எனினும் அது தொலையும், பழுதும் படும். மூன்றாவது, இணையக் களஞ்சியத்தில் படங்களை இட்டு அதன் இணைப்பை அனுப்புவது. முழு அளவுப் படங்கள் கிடைக்கும். ஆயினும் சில இணைப்புகள் குறித்த நாட்களில் காலாவதியாகிவிடும். அந்நாளை வாடிக்கையாளருக்குச் சொல்லாதிருப்பது, கொடுத்ததைத் திரும்பப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது வழியே என்னை இங்கு பேச வைத்தது. தேசிய அடையாள அட்டைக்குரிய படத்தை, பதிவுபெற்ற நிலையம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு இணையவழி அனுப்புகின்றது. விண்ணப்பதாரர் கையில் எஞ்சுவது ஒரு பற்றுச்சீட்டே. முன்பு 16ஆக இருந்த வயதெல்லை இன்று 15 ஆகியுள்ளது. பாடசாலைப் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அதிபரே உறுதிப்படுத்துகின்றார். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் ஆளடையாளம் காட்டியாக வேண்டும்.

ஓராண்டில் என் மாணவி ஒருத்திக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. படமோ போய்ச் சேரவில்லை. நிலையத்தார் அனுப்ப மறந்துவிட்டனர். கொழுந்து பறிக்கும் அவள் தாய் மீண்டும் ஒரு நாள் பேரை இழந்து, மகளை அழைத்துக்கொண்டு நகரத்துக்குச் சென்றாள். பரீட்சைக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் அட்டை வந்தது. அதுவரை அக்குழந்தை புத்தகத்தை விரித்தாளேயன்றிப் படித்தாளில்லை. ஒரு விசையை அழுத்த மறந்தமைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதைச் சிந்தியுங்கள்.

ஆகவே, படம் பிடிக்கும் அன்பர்களே! அனுப்பியதோடு அமையாது, சேர்ந்ததா என்று பாருங்கள். ஒரு பிரதியைக் கொடுங்கள். ஒரு பிரதியைப் பெயரும் நாளும் குறித்துப் பேணுங்கள். நேயர்களே, நீங்களும் முழு அளவுப் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள், ஒரே இடத்தில் வைத்த உடைமை ஒரே இரவில் போய்விடும் என்பதை மலையகத்துக்கு உணர்த்திச் சென்றன.

பாட்டியாரின் சுவர்ப் படம் இன்று என்னிடம் இருக்கின்றது. ஓரங்கள் அரித்துவிட்டன, முகம் மட்டும் தெளிவாயிருக்கின்றது. அதை அச்சிட்டவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் தம் கடமையைச் செய்திருக்கிறார்.